அண்மை என்கிற விஷயம்

1

நம் சங்கீதத்தின், நாட்டியத்தின் சமீப வரலாற்றை வித்வான்களின் ஜீவிய சரித்திரமாக எழுதுவது வழக்கம். பாணிகளின் வரலாறாக எழுதியவர்கள் உண்டு. சற்றுத் துணிந்தவர்கள் ஜாதிகளின் வரலாறாகவும் எழுதியிருக்கிறார்கள். கடந்த ஓரிரு வருஷங்களில் கேட்ட சில கச்சேரிகளையும், பார்த்த சில ஆட்டங்களையும், மறுபடி போட்டுப் பார்த்த இரண்டு மூன்று படங்களையும் சேர்த்து வைத்து யோசிக்கும்போது, இதையே வேறொரு விதமாகவும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: கலைஞருக்கும் ரஸிகருக்கும் நடுவே கிடக்கும் தூரத்தின் வரலாறாக. எத்தனை அடி தள்ளி உட்கார்ந்து கேட்டார்கள், அந்த அடிக்கணக்கை நிர்ணயித்தது யார், தூரம் கூடியபோது கலையில் எது மெலிந்தது, எது பருத்தது. இதெல்லாம் கட்டிடக்காரன் சமாசாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கித்தான் வந்திருக்கிறோம்.

சென்ற மார்கழியில் ஒரு பெரிய ஸபாவில் கேட்ட கச்சேரி. வித்வானின் பெயர் வேண்டாம். குறை அவருடையது அல்ல. பாடியது பைரவி. பிடிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் எனக்குக் கேட்டது அவர் குரல் இல்லை, மேடையின் இரண்டு பக்கமும் தொங்கிய ஒலிபெருக்கிகளின் குரல். மிருதங்கத்தின் தொப்பிக்கு ஒரு மைக், வலந்தலைக்கு ஒரு மைக். கடத்துக்கு ஒன்று. இது போக அவர்களுக்கே அவர்கள் கேட்பதற்காக எதிரில் இன்னும் இரண்டு பெட்டிகள். ஒவ்வொரு வித்வானும் 'இன்னும் கொஞ்சம்' என்று கை காட்ட, மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் பையன் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே போக, முதல் அரை மணியில் அரங்கம் ஒரே சப்தக் கனமாக ஆகிவிட்டது. ஒரு குரல் தேய்ந்து மறையும் இடத்தில்தானே பைரவியின் நிஷாதம் இருக்கிறது? தேயவே விடாத ஏற்பாடு அது.

அதற்குப் பத்து நாள் கழித்து மயிலாப்பூரில் ஒரு சிறு கூடத்தில் மைக் இல்லாத கச்சேரி ஒன்று. நூறு பேர் இருந்தால் அதிகம். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை என்றே பலரும் நினைத்தார்கள். முணுமுணுப்புக்கூட எழுந்தது. பிறகு காது இறங்கி வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும்: குரல் ஏறி வரவில்லை, காது இறங்கிப் போயிற்று. வில் நரம்பில் உரசும் கரகரப்பு, பாடகர் மூச்சு வாங்கும் இடம், தம்பூராவின் மீட்டல் ஓய்ந்து அடுத்த மீட்டல் வருமுன் உள்ள வெற்றிடம், எல்லாம் கேட்டது. யாரோ ஒருவர் இருமியபோது கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரிய ஸபாவில் இருபது பேர் சேர்ந்து இருமினாலும் சங்கீதத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

2

வீணை தனம்மாளின் (1867–1938) வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளைப் பற்றிக் கேட்டிராத சென்னை ரஸிகர் இருக்க முடியாது. ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டுக் கூடம். வந்து உட்கார்ந்தவர்கள் சிலர். அவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. மீட்டுக்கம்பி எதுவும் அணியாமல் விரலாலேயே மீட்டுவார், கூடவே மெல்லப் பாடுவார். சிறு சப்தமும் பொறுக்கமாட்டார் என்பது பிரசித்தம். இதை ஒரு மேதையின் முன்கோபமாகக் கதை சொல்லி ரஸிப்பது நம் பழக்கம். எனக்கு அது முன்கோபமாகப் படவில்லை. அந்த வாசிப்புக்கு நிசப்தம் ஒரு பக்கவாத்தியம். பக்கவாத்தியக்காரர் தாளம் தவறினால் வித்வான் முறைத்துப் பார்ப்பதில்லையா? 1930களில் கொலம்பியா கம்பெனி எடுத்த அவருடைய இசைத்தட்டுகள் கிடைக்கின்றன. மூன்று நிமிஷச் சொச்சத் துண்டுகள். அவற்றைக் கேட்கும்போது ஒரு கூடத்தின் வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. உள்ளே போக முடிவதில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933). நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய குரல். மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் நின்றவன் எந்தச் சுருதியில் பாடியாக வேண்டும் என்பதை ரஸனை மட்டும் தீர்மானிக்கவில்லை, கொட்டகையின் நீளமும் தீர்மானித்தது. ஆரம்ப காலத்து இசைத்தட்டுகளுக்கும் இதே கதி. 1925ஐ ஒட்டி மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன்னால், ஒரு தகரக் கூம்புக்குள் தலையை நீட்டி உரக்கப் பாடினால்தான் ஊசி அசையும். ஆக, மைக் வருவதற்கு முன்னால் நம் சங்கீதம் மென்மையாக இருந்தது, அது வந்து கெடுத்தது என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. கூடத்துச் சங்கீதம் மென்மையாக இருந்தது. கொட்டகைச் சங்கீதம் வானத்தைத் தொட்டது. இரண்டும் இரண்டு தூரங்களுக்காகப் பிறந்தவை.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூஸிக் அகாடமி தொடங்கப்பட்டது. பந்தல்களிலும் கடன் வாங்கிய கூடங்களிலும் நடந்துவந்த விழாவுக்கு 1962இல் சொந்த அரங்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். கோவில் பிராகாரமும் ஜமீன் வீட்டுக் கூடமும் தாசி வீட்டு முன்கட்டும் என்று சிதறிக் கிடந்த கேட்கும் இடங்களெல்லாம் முப்பது வருஷங்களுக்குள் டிக்கெட் விற்கும் ஓர் அரங்கமாகச் சுருங்கின. அல்லது விரிந்தன. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்ததாக நாம் போற்றும் கச்சேரி பத்ததி, வர்ணத்தில் தொடங்கி விறுவிறுவென்று பல உருப்படிகளைத் தொட்டு, ஒரு பெரிய உருப்படியில் தங்கி, துக்கடாக்களில் இறங்கும் அந்த ஒழுங்கு, இந்தப் புதிய இடத்துக்குப் பொருத்தமானது. முகம் தெரியாத ஆயிரம் பேரைக் கட்டிப்போட வேறு வழியில்லை. நாலே பேர் உட்கார்ந்திருக்கும் முன்கட்டில் ஒரே ராகத்தை மூன்று மணி நேரம் பாடலாம். யாரும் எழுந்து போகமாட்டார்கள். போகவும் முடியாது.

3

நாட்டியத்துக்கு வருகிறேன். சங்கீதத்தில் தூரம் ஒரு சௌகரியக் குறைவு என்ற அளவில் நின்றது. நாட்டியத்தில் தூரம்தான் லட்சியமே.

சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் வழங்கிய ஆட்டத்தில் நட்டுவனாரும் பாடகரும் மிருதங்கக்காரரும் ஆடுபவளின் பின்னால் நின்றார்கள். அவள் முன்னால் நகர்ந்தால் கூடவே நகர்ந்தார்கள். மொத்த மேளமும் ரஸிகனை நோக்கி வந்து, பின்வாங்கி, மறுபடி வந்தது. மார்கண்ணால் அளந்த தூரத்தில் கண்கள் சந்தித்தன. பதம் ஆடும்போது உட்கார்ந்துகூட ஆடினார்கள். பதினேழாம் நூற்றாண்டு க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதம் ஒன்றில் நாயகி ஒரு புருவத்தை உயர்த்துவது பத்தடிக்குள் இருப்பவனுக்காக. இருபதாவது வரிசைக்காரனுக்கு அந்தப் புருவம் கிடையாது.

1931 மார்ச்சில் அகாடமி மேடையில் கல்யாணியின் புதல்விகள் ஆடினார்கள். வக்கீலும் தேசியவாதியுமான இ. கிருஷ்ணய்யர் முன்னின்று நடத்திய முயற்சி. அடுத்த வருஷம் பத்திரிகைகளில் சர்ச்சை வெடித்தது. ஒரு பக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மறுபக்கம் கிருஷ்ணய்யர். 1935 டிசம்பரில் அடையாறு தியஸாஃபிகல் சொசைட்டியில் ருக்மிணி தேவி ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம். இந்தத் தேதிகள் எல்லோருக்கும் மனப்பாடம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. இதே வருஷங்களில்தான் மேளம் பின்னாலிருந்து விலகிப் பக்கவாட்டில் உட்கார்ந்தது. மேடை உயர்ந்தது. விளக்குகள் ஆடுபவள்மேல் விழ, ரஸிகன் இருட்டில் உட்கார்த்தி வைக்கப்பட்டான். இனி அவள் கண்ணுக்கு அவன் தெரியமாட்டான். யாரைப் பார்த்து அந்த நாயகி பேசுகிறாள் என்ற கேள்விக்கு, கடவுளைப் பார்த்து என்று புதிய பதில் தயாராயிற்று. ரஸிகன் தெரியாத இடத்தில் தெய்வம் தெரிவது எளிது.

சதிர்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்ன? சிருங்காரம் என்றார்கள், ஆபாசம் என்றார்கள். வார்த்தைகளை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது, ஒரு பெண் ஓர் ஆணைக் கண்ணெடுத்துப் பார்க்கும் அளவுக்கு அருகில் இருந்தாள் என்பதுதான். குற்றவாளிக் கூண்டில் நின்றது அண்மை. அதற்குத் தண்டனை மேடை. இருபதடி தள்ளிவைத்த பிறகு அதே ஆட்டம் குடும்பப் பெண்கள் கற்கத் தக்கதாக ஆயிற்று. பெயரும் பரதநாட்டியம் என்று நிலைத்தது. தள்ளிவைக்க முடியாதவர்கள், அதாவது அந்த அண்மையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மேடையிலிருந்தே தள்ளிவைக்கப்பட்டார்கள். நட்டுவனார்கள் பிழைத்தார்கள், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டியிருந்ததால். அவர்கள் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் ஆடுவதை விட்டார்கள்.

பாலசரஸ்வதி (1918–1984) விடவில்லை. தனம்மாளின் பேத்தி. ஏழு வயதில் காஞ்சீபுரத்தில் அரங்கேற்றம். 1973இல் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது; நாட்டியக் கலைஞர் ஒருவருக்கு அது தரப்பட்டது அந்த ஒரு முறைதான். 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை நம் கலை விமர்சனத்தில் அபூர்வமான ஒன்று. அலாரிப்பிலிருந்து தில்லானா வரை உள்ள வரிசையை அவர் ஒரு கோவிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் அடுத்த மண்டபம், வர்ணம் தெய்வத்தின் சந்நிதி, பதம் கர்ப்பக்கிருகத்தின் குளிர்ந்த இருட்டு, தில்லானா கடைசிக் கற்பூர ஆரத்தியின் ஆரவாரம். இதை ஒரு பக்திமானின் உவமையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நம் கோவில் கட்டிடம் எப்படிப்பட்டது? உள்ளே போகப் போகக் கூரை தாழும், வெளிச்சம் குறையும், இடம் குறுகும். அவர் சொன்னது ஒரு அண்மையின் இலக்கணம். நிகழ்ச்சி நகர நகர ரஸிகன் நெருங்கி வர வேண்டும். நாற்காலியில் ஆணியடித்து உட்கார்ந்த ரஸிகன் எப்படி நெருங்குவான் என்ற கேள்வியை அந்த உரை கேட்கவில்லை. அது அதற்குள் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சமீபத்தில் பார்த்த ஒரு நாட்டிய நிகழ்ச்சி. ஆடிய பெண்ணுக்குப் பயிற்சியில் குறையில்லை. அரைமண்டி இறுதிவரை கலையவில்லை, தீர்மானங்கள் கத்தி வைத்து நறுக்கியதுபோல் விழுந்தன, கரகோஷம். பிறகு பதம். மேடையின் இருபுறமும் பெரிய திரைகளில் அவளுடைய முகம் பத்தடி உயரத்துக்கு வந்தது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, "சார், மேடையைப் பார்க்காதீங்கோ, ஸ்க்ரீனைப் பாருங்கோ, நன்னாத் தெரியறது" என்றார். அவர் சொன்னது சரி. நன்றாகத்தான் தெரிந்தது. எது தெரிய வேண்டும் என்பதை மட்டும் கேமராக்காரர் முடிவு செய்துகொண்டிருந்தார். அவள் கை ஒரு கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது திரையில் மூக்குத்தி. முகம் வாடும்போது திரையில் சலங்கை. அந்தத் திரை ஒரு வாக்குமூலம். இந்த அரங்கம் இந்தக் கலைக்குப் பொருந்தாது என்று ஸபாவே லட்சக்கணக்கில் செலவழித்து ஒப்புக்கொள்கிறது.

4

கேமரா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சத்யஜித் ரே 1976இல் எடுத்த 'பாலா' அரை மணி நேரப் படம். பம்பாய் தேசிய நிகழ்கலை மையமும் தமிழக அரசும் சேர்ந்து தயாரித்தது. ரே சிறுவனாகக் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்தவர். படம் எடுத்தபோது பாலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. காலம் கடந்து எடுத்த படம் என்ற குறை அன்றே சொல்லப்பட்டது; அது நியாயமான குறை. கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடும் பகுதியில் காற்று புடவையோடும் கூந்தலோடும் மல்லுக்கு நிற்கிறது. பின்னால் அலைகள். இது என்ன ரஸனை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. முதல் தடவை பார்த்தபோது நானும் ரேயிடம் இதை எதிர்பார்க்கவில்லை. இப்போது பார்க்கையில், கடலும் காற்றும் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. கூப்பிடும் கை காற்றில் தவறுவதில்லை. அடுத்து வரும் வர்ணத்தில் கேமரா பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறது. அண்மையை வெட்டித் துண்டு போடாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் கேமரா. கூடத்தில் ஓரமாக உட்கார்ந்த ஒரு நல்ல ரஸிகன் அது.

இதே ரே, இதற்குப் பதினெட்டு வருஷம் முன்னால், 1958இல் 'ஜல்ஸாகர்' எடுத்தார். தாராசங்கர் பந்தோபாத்யாயின் கதை. அழிந்துகொண்டிருக்கும் ஜமீன்தார், மெழுகுவர்த்திச் சரவிளக்கு, ஒரு சங்கீத அறை. பேகம் அக்தர் பாடுகிறார், ரோஷன் குமாரி கதக் ஆடுகிறார். நான் இதுவரை சொல்லிவந்த அண்மைக்கு இதைவிட நல்ல சித்திரம் சினிமாவில் இல்லை. ஆனால் கதக் முடிந்ததும் என்ன நடக்கிறது? புதுப் பணக்காரனான வட்டிக்கடைக்காரர் மகன் வெகுமதி கொடுக்கக் கையை நீட்டுகிறான். ஜமீன்தாரின் கைத்தடி அந்தக் கையைத் தடுத்து நிறுத்துகிறது. முதலில் கொடுக்கும் உரிமை வீட்டுக்காரனுடையது. கஜானாவில் மிஞ்சிய கடைசி நாணயங்களை அவர் கொடுக்கிறார். படத்தின் உச்சம் அதுதான். சங்கீதத்துக்காகத் தன்னை அழித்துக்கொண்ட ரஸிகன் என்று அவரைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். அந்தக் கைத்தடியைப் பார்க்க மறந்துவிடுகிறோம். பக்கத்தில் உட்காரும் உரிமை, சொத்துரிமை. அந்த அறையில் ரோஷன் குமாரிக்கும் ஜமீன்தாருக்கும் நடுவே இருந்த பத்தடியை அவள் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆகவே, பழைய கூடத்துக்குத் திரும்புவோம் என்று சொல்ல நான் தயாரில்லை. தனம்மாள் வீட்டுக் கூடத்தில் என் பாட்டனார் போய் உட்கார்ந்திருக்க முடியுமா? வாசலோடு சரி. 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கிக் கடற்கரையில் ஒலிபெருக்கிகளை வைத்தது; 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. எந்த வீட்டுப் படியும் ஏற முடியாதவன் மணலில் உட்கார்ந்து கேட்டான். இன்று நாம் சபிக்கும் அதே மைக்தான் அவனுக்கு முதன்முதலில் ஒரு கீர்த்தனத்தைக் கொடுத்தது. முத்துலட்சுமி ரெட்டியின் சட்டம் கலைக்குச் செய்த சேதத்தைப் பேசுகிறவர்கள், அது ஒரு சிறுமிக்குக் கொடுத்த மறுக்கும் உரிமையையும் சேர்த்தே பேச வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நம் விமர்சனத்துக்கு இன்னும் நா எழவில்லை. ஒரு கோஷ்டி சீர்திருத்தத்தின் கணக்கை மட்டும் எழுதுகிறது, மற்றொன்று இழப்பின் கணக்கை மட்டும்.

5

எல்லாக் கலையும் அண்மையைக் கேட்பதில்லை. தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு கோவில் உற்சவத்தில் இரவு சுவாமி புறப்பாடு. கம்பீரநாட்டையில் மல்லாரி. நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். வீடுகளின் சுவரில் மோதி, திருப்பத்தில் மறைந்து, சந்து வழியாகத் திடீரென்று பாய்ந்து வந்த நாகஸ்வரம். தவிலின் நாதம் முதலில் வந்தது, பிறகு ஊதல், பிறகு தீவட்டி வெளிச்சம். தூரமே அங்கே ராகம். பெரிய மேளம் என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது: சின்ன மேளம் கூடத்துக்கு, பெரிய மேளம் தெருவுக்கு. டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை எடுத்துக்கொண்டது, ஒத்தைத் தள்ளிவிட்டுத் தம்பூராவை வைத்துக்கொண்டது, மேடையேறி உட்கார்ந்து வாசித்தது எல்லாம் தெருவின் கலைஞன் கூடத்தில் சம ஆசனம் கேட்ட போராட்டம். ஆசனம் கிடைத்தது, அவருக்கு. அவருடைய வாத்தியத்துக்கு இன்று பல ஸபாக்களில் கிடைப்பது, விழா தொடங்குமுன் காலி நாற்காலிகளுக்கு முன்னால் மங்கல இசை.

1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பெரிய மேளத்தையும் சின்ன மேளத்தையும் ஒரே பந்தலில் எதிரெதிராக நிறுத்தியது. சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு, சிவாஜியின் கன்னங்கள். அந்தப் படத்தை நம் சிறுபத்திரிகைகள் கேலி செய்ததுண்டு, மிகை என்று. மிகைதான். ஆனால் அந்த இரண்டு சமூகத்து மனிதர்களின் ரோஷமும் அவமானமும் பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது அந்த மிகையான குளோஸ்-அப்களில்தான். எந்த ஸபாவின் நினைவுமலரிலும் அது இல்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பதத்தை இருநூறு பேருக்கு மேல் கொள்ளாத அறையில், ரஸிகர் முகத்தின்மேலும் சற்று வெளிச்சம் விழும்படி ஆடலாம். வீணைக்கும் மெல்லிய குரலுக்கும் மைக்கை எடுத்துவிடலாம். நாகஸ்வரத்தை வாசலில், மரத்தடியில், தெருவில் வைத்துக் கேட்கலாம். அதை மைக் முன்னால் உட்கார வைப்பது தேருக்கு சைக்கிள் விளக்கு மாட்டுவதுபோல. இவற்றுக்குப் பணம்கூட அதிகம் வேண்டாம்.

ஆனால் அந்த இருநூறு நாற்காலிகளில் யார் உட்காருவார்கள் என்ற கேள்வி இருக்கிறது. சிறிய அறை என்றவுடன் அழைப்பிதழ்ப் பட்டியலும் வந்துவிடும். பழைய கைத்தடி புது உருவத்தில் வாசலில் நிற்கும். தூரம் கலையைக் கொஞ்சம் கொன்றது. அண்மை மனிதர்களைக் கொஞ்சம் கொன்றது. மூன்றாவது ஏற்பாடு ஒன்றை நம் சமூகம் இன்னும் கட்டவில்லை. அந்த மைக் இல்லாத கூடத்தில் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தார்கள், டிக்கெட்டும் இல்லை. தெருவில் போனவர்கள் சிலர் ஒரு நிமிஷம் நின்றார்கள். உள்ளே இடம் இருந்தது. யாரும் வரவில்லை. திறந்த கதவு மட்டும் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.